லாரியில் நாடு விட்டு நாடு, இரவில் கூடாரம்: பாதிப் பயணம் உட்கார்ந்தே கழிகிறதா?

கேள்வி: ஜூன் 2, 2024

நைரோபியிலிருந்து விக்டோரியா அருவி வரை இருபது நாள், ஆறு நாடுகள், லாரியில் பயணம், கூடாரத்தில் தங்கல் என்று ஒரு திட்டம் கண்ணில் பட்டது. அட்டவணையைப் பார்த்தால் பாதிப் பொழுது வண்டிக்குள் உட்கார்ந்தே போய்விடும் போலிருக்கிறது. இதற்குப் பெயர் சஃபாரியா? அதே பணத்தில் விமானத்தில் போய் இரண்டு சரணாலயங்களை நிதானமாகப் பார்த்து வரலாமே. போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

போய் வந்தவன் சொல்கிறேன். 2018 ஜூலையில் இதே தடத்தில் மகளோடு போனேன். பாதிப் பொழுது என்பது மிகை. கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து மிரண்டுவிட்டீர்கள். இருபது நாளில் பத்து நாளாவது விலங்குகளுக்கு நடுவேதான் இருந்தோம். விமானத்தில் போனால் இரண்டு சரணாலயங்களைப் பார்க்கலாம். அவற்றுக்கு இடையில் இருக்கும் ஆப்பிரிக்கா முழுவதும் மேகத்துக்கு அடியில் போய்விடும்.

ஜூன் 3

லாரி என்றால் சரக்கு லாரியா என்று கேட்கிறீர்கள். அடிச்சட்டம் லாரி, மேலே கட்டியிருப்பது பஸ். எங்கள் வண்டியில் இருபத்து நான்கு இருக்கைகள். தரை ஓர் ஆள் உயரத்தில் இருந்ததால் இரும்புப் படியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். அந்த உயரம் வீண் இல்லை. புல்லுக்கு மேலே, வேலிக்கு மேலே, மனிதர்களின் வீட்டு முற்றம் வரை தெரியும். வண்டியின் விலாப்பக்கத்துப் பெட்டிகளில் அடுப்பு, பாத்திரம், மடக்கு நாற்காலி, கூடாரங்கள். ஆளுக்கு ஒரு பூட்டுப்பெட்டி உண்டு. அது துணிப்பைக்குத்தான் இடம் தரும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியோடு வந்த ஒரே ஆள் நான். அது எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையவில்லை. தான்சானியாவின் அருஷா ஊரில் கட்டம் போட்ட சந்தைப் பை ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் கொட்டினேன். பெட்டி இருபது நாளும் கடைசி இருக்கையில் டிக்கெட் வாங்கிய பயணியைப் போல உட்கார்ந்து வந்தது.

ஜூன் 3, மாலை

வேலை உண்டா என்றால், உண்டு. சமைப்பதற்கு ஆள் இருந்தார். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, வண்டியைப் பெருக்குவது முறை வைத்து நாங்கள். அவரவர் கூடாரத்தை அவரவர்தான் அடிக்க வேண்டும், அவரவர்தான் மடிக்க வேண்டும்.

பாத்திரம் கழுவுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்று பேசின்கள். முதலாவதில் சோப்பு நீர், இரண்டாவதில் நல்ல நீர், மூன்றாவதில் டெட்டால் கலந்த நீர். துடைப்பதற்குத் துணி கிடையாது. ஒரே துணியால் இருபது தட்டைத் துடைத்தால் ஒருவருடைய வயிற்றுப்போக்கு மறுநாள் எல்லோருக்கும் வந்துவிடும் என்பது கணக்கு. ஆகவே ஆளுக்கு இரண்டு தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, உலரும் வரை காற்றில் வீசுவோம். இருட்டில் நெற்றி விளக்கோடு இருபது பேர் வட்டமாக நின்று இரண்டு கையையும் வீசுவதை முதல்முறை பார்த்தபோது ஏதோ பிரார்த்தனை என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாளில் நானும் வீசினேன். மகள் எண்ணியிருக்கிறாள்: ஒரு தட்டு உலர நாற்பது வீச்சு. மலைமேல் குளிரில் அறுபது.

ஜூன் 4

மகள் மேலே எழுதியதையெல்லாம் படித்துவிட்டாள். “அப்பா, பத்து நாள் என்று எப்படி எழுதினீர்கள்?” என்று கேட்டு, அப்போது எழுதிய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். தான்சானியாவின் செரெங்கெட்டியும் ங்கொரொங்கோரோவும் மூன்று நாள். ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா ஒரு முழு நாள், மறுநாள் காலை. போட்ஸ்வானாவின் சோபே ஒரு நாள். அரை நாளை ஒரு நாளாக எண்ணினாலும் ஆறுதான். மிகுமி சரணாலயத்தை நடுவே பிளந்துகொண்டு நெடுஞ்சாலை போகிறது, ஓடும் வண்டியிலிருந்தே யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பார்த்தோம், அதையும் சேர்க்கலாமே என்றேன். “வழியில் பார்த்ததைச் சேர்த்தால் அருஷாவில் பார்த்த ஆட்டையும் சேர்க்கலாம்” என்றாள்.

ஆறு நாள். பத்து என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 4, பிறகு

மிகுமி என்றதும் நினைவு வந்தது. அந்தச் சாலையோரப் பலகையில் எந்த விலங்கை மோதிக் கொன்றால் எவ்வளவு அபராதம் என்று விலைப்பட்டியல் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஓட்டுநர் அதைக் காட்டிவிட்டு வேகத்தைக் குறைத்தார். எதிரே வந்த நெடுந்தூரப் பஸ் குறைக்கவில்லை.

அதைத் தாண்டி இரிங்காவுக்குப் போகும் வழியில் ருவாஹா ஆற்றோரம் மலைச்சரிவு முழுவதும் ஆனைப்புளிய மரங்கள், பாவோபாப் என்பார்களே அவை. ஜூலையில் ஓர் இலை கிடையாது. வேரோடு பிடுங்கித் தலைகீழாக நட்ட மாதிரி நிற்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கை விமானத்தில் போகிறவர் பார்க்க முடியாது. என் கட்சிக்கு இது ஒரு புள்ளி.

ஜூன் 5

எல்லைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: மொத்தம் ஐந்து. கென்யா–தான்சானியா நமாங்காவில், தான்சானியா–மலாவி சோங்வேயில், பிறகு மலாவி–ஜாம்பியா மச்சிஞ்சியில், ஜாம்பியா–போட்ஸ்வானா கசுங்குலாவில், கடைசியில் போட்ஸ்வானாவிலிருந்து ஜிம்பாப்வேக்குள் நுழையும் சாலை. நமாங்காவில் இப்போது இரண்டு நாட்டு அலுவலர்களும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் நாங்கள் போனபோது பழைய முறைதான். ஒரு கட்டடத்தில் வெளியேறும் முத்திரை, பிறகு யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டுச் சாலை, அப்புறம் அடுத்த கட்டடம். சோங்வேயில் ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்தோம். இருபுறமும் பணம் மாற்றுகிறவர்கள் கட்டுக் கட்டாக நோட்டை விசிறிக்கொண்டு கூடவே நடந்து வந்தார்கள்.

கையில் இருக்க வேண்டியவை இரண்டு. முதலாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று. கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டுக்கு முன்பே அதைக் கேட்டார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். முன்பு பத்தாண்டு வரம்பு இருந்தது. 2016 ஜூலை முதல் ஆயுளுக்கும் செல்லும். இரண்டாவது டாலர் நோட்டு. 2006-க்கு முன் அச்சானதை யாரும் தொடமாட்டார்கள். என் 50 டாலர் நோட்டின் ஓரத்தில் யாரோ பேனாவால் ஒரு சிறு கோடு போட்டிருந்தார்கள். அலுவலர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், என்னையும் பார்த்தார், தள்ளிவிட்டார். மூன்று எல்லைகளில் தள்ளுபடியான அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கென்யாவுக்கு விசா கேட்டவருக்கு: 2024 ஜனவரி முதல் விசா என்ற பெயர் போய், முன்கூட்டியே இணையவழியில் வாங்கும் பயண அனுமதி வந்திருக்கிறது. நான் போனபோது இருந்த முறையைச் சொல்லி உங்களைக் குழப்ப விரும்பவில்லை.

ஜூன் 6

எல்லையிலேயே சுவையானது கசுங்குலா. ஜாம்பியாவிலிருந்து போட்ஸ்வானாவுக்கு ஜாம்பெசி ஆற்றை மிதவையில் கடக்க வேண்டும். நான்கு நாடுகளின் மூலைகள் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும் இடம் அது. மிதவையில் ஒரு நேரத்தில் ஒரு பெரிய லாரி, அதன் பக்கத்தில் இடுக்கில் இரண்டு சிறு வண்டிகள், மீதி இடத்தில் மனிதர்கள், சைக்கிள், கோழிக்கூடு. கரையில் சரக்கு லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். நாள்கணக்கில் காத்திருக்கும் ஓட்டுநர்கள் லாரிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டி, துணி துவைத்துக் காயப்போட்டு, குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை உண்டு என்பதால் நாங்கள் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிட்டோம். அவர்களைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் 6, மதியம்

“ஐயா, மிதவை போய் மூன்று வருடம் ஆகிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். 2021 மே மாதம் பாலம் திறந்துவிட்டார்கள். 923 மீட்டர் நீளம், மேலே சாலையும் ரயில் பாதைக்கு இடமும். படத்தைப் பார்த்தால் ஆற்றின் நடுவே வில்லாக வளைந்து போகிறது. ஜிம்பாப்வே எல்லைக்குள் படாமல் ஒதுங்கிப் போவதற்காக அந்த வளைவு. ஆக, நான் எழுதியது பழங்கதை. லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டியவர்களுக்கு விடிவு வந்தது நல்லதுதான். ஆனால் மிதவை கரையை உரசும்போது வந்த அந்த இரும்புச் சத்தத்தை நீங்கள் கேட்கப்போவதில்லை.

ஜூன் 7

அதே கசுங்குலாவில், போட்ஸ்வானா கரையில் இறங்கியதும் செருப்புக் குளியல். தரையில் மருந்து நீரில் ஊறிய மெத்தை போன்ற ஒன்று இருக்கும், அதில் மிதித்துவிட்டுப் போக வேண்டும். வண்டிக்குத் தனியாக ஒரு தொட்டி, சக்கரம் நனைய அதில் இறங்கி ஏற வேண்டும். எருமைகளிடமிருந்து மாடுகளுக்குப் பரவும் கோமாரி நோய்க்காக இந்தக் கட்டுப்பாடு. போட்ஸ்வானா ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி விற்கும் நாடு, அதனால் விளையாட்டில்லை. காலில் போட்டிருப்பதை நனைத்தால் போதும் என்று நினைத்தேன். பைக்குள் இருக்கும் இன்னொரு ஜோடியும் வேண்டும் என்றார் அந்த அம்மையார். கட்டம் போட்ட சந்தைப் பையை நடுச்சாலையில் கவிழ்த்து, அடியில் கிடந்ததைத் தேடி எடுத்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என் உள்ளாடைகளைப் பார்த்தபடி பொறுமையாக இருந்தார்கள்.

பச்சை இறைச்சியும் தாண்ட முடியாது. ஆகவே முதல்நாள் இரவு சமையல்காரர் குளிர்பெட்டியில் இருந்ததையெல்லாம் சுட்டுவிட்டார். அந்தப் பயணத்திலேயே பெரிய விருந்து கால்நடைத் துறையின் புண்ணியத்தில்தான் நடந்தது.

ஜூன் 7, இரவு

விசா விஷயத்தில் ஒன்று. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் சேர்த்து 50 டாலருக்கு ஒரு பொது விசா உண்டு, 30 நாள் செல்லும், இரண்டுக்கும் இடையே எத்தனை முறையும் போய்வரலாம். அதை வைத்துக்கொண்டு கசுங்குலா வழியாகப் போட்ஸ்வானாவுக்குப் பகலில் போய் மாலையில் திரும்பலாம். அங்கே இரவு தங்கினால் அது செல்லாது. லிவிங்ஸ்டனில் விமானத்தில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்ட ஒருவர் இதை எழுத்து எழுத்தாகப் படித்திருந்தார், கடைசி வரியைத் தவிர. போட்ஸ்வானாவின் கசானேயில் இரண்டு இரவு தங்கிவிட்டு ஜிம்பாப்வே வாசலில் மறுபடி பணம் கட்டினார். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த விசா கிடைக்குமா என்பதைத் தூதரகப் பக்கத்தில் பாருங்கள், என்னைப் போன்றவர்களைக் கேட்காதீர்கள்.

ஜூன் 9

மகள் மணிக்கணக்கையும் எடுத்துவிட்டாள். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் நோட்டில் இருக்கிறது. லாரி ஓடிய நேரம் 93 மணி. ஒரு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பகல் என்றால் இருபது நாளுக்கு 240. ஐந்தில் இரண்டு பங்கு. பாதி இல்லை! முதல் நாளே சொன்னேன்.

ஜூன் 9, சிறிது நேரம் கழித்து

எல்லையில் நின்ற நேரம் இதில் சேராதாம். அது பதினொரு மணி நேரம். 104. இன்னும் பாதி வரவில்லை.

ஜூன் 10

கேள்வி கேட்டவரின் பதில்: “விலங்கு பார்க்கப் போகும்போதும் ஜீப்பில் உட்கார்ந்துதானே போகிறீர்கள்?”

கூட்டினேன். அது ஏறக்குறைய 40 மணி நேரம். மொத்தம் 144. நூற்றுக்கு அறுபது. இன்று வேறெதுவும் எழுதவில்லை.

ஜூன் 12

சரி. கணக்கில் தோற்றேன். ஒன்றை மட்டும் சொல்ல விடுங்கள். விமானத்தில் போனாலும் ஜீப்பில் உட்காரத்தான் போகிறீர்கள். அந்த உட்காரலுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. செரெங்கெட்டிக்குள் நுழைவுச்சீட்டு 24 மணி நேரக் கணக்கு. நாபி மலை வாயிலில் எத்தனை மணிக்கு நுழைந்தீர்களோ அத்தனை மணிக்குள் வெளியே வர வேண்டும், தாண்டினால் கூடுதல் பணம். கடைசி நாள் காலை ஒரு வேலமரக் கிளையில் சிறுத்தை படுத்திருந்தது. வால் மட்டும் கீழே தொங்கியது. ஓட்டுநர் நிறுத்தினார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான்கு நிமிடம் கொடுத்தார். அது தலையைத் திருப்பவே இல்லை. நான் பார்த்தது வால்தான்.

லாரிக்கு அந்த அவசரம் கிடையாது. செரெங்கெட்டிக்குள் அது வரவும் இல்லை. வெளியே நின்று எங்களுக்காகக் காத்திருந்தது.

ஜூன் 12, மாலை

கடிகாரத்தைப் பற்றிச் சொன்னதும் மணிக்கணக்குக் குழப்பமும் நினைவுக்கு வந்தது. முதல் நாள் மாலை எங்கள் லாரி ஓட்டுநர் சமையல்காரரிடம் ‘சா கூமி நா ம்பிலி’ என்று சொல்வதை மகள் கேட்டாள். சுவாஹிலி எண்களைப் புத்தகம் வைத்துப் படித்தவள், “பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறோம், நன்றாகத் தூங்கலாம்” என்றாள். காலை ஆறு மணிக்கு ஹாரன் அடித்தது. அவர்கள் சூரியன் உதித்ததிலிருந்து மணி எண்ணுகிறவர்கள். நம் ஏழு மணி அவர்களுக்கு ஒன்று, நம் ஆறு மணி அவர்களுக்குப் பன்னிரண்டு. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டன்மாரிடம் கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். நாங்கள் கூடாரத்தை மடிக்காமலே சுருட்டி வண்டியில் எறிந்தோம்.

சோங்வேயைத் தாண்டியபோது இன்னொரு வேடிக்கை. மலாவியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டும். ஒரு மணி நேரம் இலவசம் என்று மகிழ்ந்தோம். அன்று மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. மலாவி ஏரிக்கரையில் சிட்டிம்பாவில் கூடாரக் கம்பியை இருட்டில் தடவித்தான் மாட்டினோம். அன்றைய ஓட்டம் பதின்மூன்று மணி நேரம், மொத்தப் பயணத்தில் அதுதான் அதிகம்.

ஜூன் 13

குளிரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும். ங்கொரொங்கோரோவில் முகாம் பள்ளத்தின் விளிம்பில், ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரத்தில். ஜூலை தென்கோளத்துக் குளிர்காலம். ஆப்பிரிக்காதானே என்று மெல்லிய உறக்கப்பை கொண்டுபோயிருந்தேன். இரவு இருந்த சட்டை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டும் பல் அடித்தது. காலையில் 600 மீட்டர் கீழே, வெண்மேகம் நிரம்பிய கிண்ணமாகப் பள்ளம் கிடந்தது. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் சமையல்காரரின் அடுப்பை விட்டு நகரவில்லை.

கூடவே ஓர் ஆடைச் செய்தி: கருநீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈக்கு அந்த நிறங்கள் பிடிக்கும், அதைப் பிடிக்கும் பொறிகளையே அந்த நிறத்துணியில்தான் செய்கிறார்கள். சட்டைக்கு மேலேயே கடிக்கும்.

ஜூன் 14

“கூடாரத்தில் பயமில்லையா?”

வேலி இல்லாத முகாம் என்றால் முதல் இரவு பயம், இரண்டாம் இரவு அலுப்பு, மூன்றாம் இரவு தூக்கம். விதிகள் எளியவை: ஜிப்பை முழுதும் மூடு, உணவை உள்ளே வைக்காதே, செருப்பை வெளியே வைக்காதே. செருப்புக்குக் காரணம் தேள் என்று நினைத்திருந்தேன். கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போய் மென்றுவிடுமாம். குரங்குகளுக்கு ஜிப் திறக்கத் தெரியும். பகலில் இரண்டு ஜிப்பையும் சேர்த்து ஒரு கொக்கி மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

தெற்கு லுவாங்வாவில் ஆற்றங்கரை முகாம். நள்ளிரவுக்கு மேல் கோடித் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம், தலைமாட்டில். சரக். இடைவெளி. சரக். பிறகு மெல்லும் ஓசை. பகலெல்லாம் நீரில் கிடக்கும் நீர்யானை இரவில் புல் மேயக் கரையேறும் என்று முந்தைய மாலைதான் சொல்லியிருந்தார்கள், உதட்டாலேயே புல்லைக் கவ்விப் பிடுங்குமாம். என் காதுக்கும் அதன் வாய்க்கும் நடுவே ஒரு துணி. எனக்கோ சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது. மகள் விழித்திருந்தாள், அவள் கண் மின்னுவது தெரிந்தது. இருவரும் பேசவில்லை. அது கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் புல்லை முடித்துக்கொண்டு போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. காலையில் கூடாரத்தைச் சுற்றிப் புல் ஒட்ட வெட்டியது போல் இருந்தது. அடுத்த இரவு மாலை ஆறு மணிக்கு மேல் தேநீர் குடிக்கவில்லை.

இதைச் சுவர் வைத்த விடுதி அறையில் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் தெற்கு லுவாங்வாவுக்கு விமானமும் போகிறது, அங்கே கூடாரமும் கிடைக்கிறது. இந்தப் புள்ளியை எனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஜூன் 15

மலாவி ஏரியில் குளிக்கலாமா என்று கேட்டவருக்கு: நாங்கள் குளித்தோம். நத்தை வழியாக வரும் பில்ஹார்சியா ஒட்டுண்ணி அங்கே உண்டு. ஊர் திரும்பியதும் பிராசிகுவாண்டல் மாத்திரை போட்டுக்கொண்டால் சரியாகும்.

ஜூன் 15, பிற்பகல்

மேலே எழுதியது அரைகுறை. மகள் திருத்துகிறாள்: திரும்பியதும் போட்டுக்கொண்டால் பயனில்லை. அந்த மாத்திரை வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், ஆகவே கடைசியாகக் குளித்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மருத்துவரைக் கேட்டுத்தான். நான் அப்போது மறுவாரமே போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். இரண்டாம் முறை போட வைத்ததும் அவள்தான்.

ஜூன் 16

பணம். தான்சானியாவில் ஷில்லிங், மலாவியில் குவாச்சா, ஜாம்பியாவிலும் குவாச்சா. இரண்டும் வேறு வேறு. பெயருக்குப் பொருள் இரு நாட்டிலும் விடியல். ஜாம்பியா 2013-ல் தன் குவாச்சாவிலிருந்து மூன்று பூஜ்யத்தை வெட்டிவிட்டது. நாங்கள் போனபோது ஒரு டாலருக்கு மலாவியில் எழுநூறுக்கு மேல், ஜாம்பியாவில் சுமார் பத்து. எல்லை தாண்டி ஜாம்பியாவின் சிப்பட்டாவில் ஒரு பெட்ரோல் நிலையக் கடையில் மீதி இருந்த மலாவி 500 குவாச்சாவை நீட்டி, பிஸ்கட்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறைக்குக் காத்து நின்றேன். கடைப்பெண் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜாம்பியாவில் அப்போது பெரிய நோட்டே நூறுதான்.

போட்ஸ்வானாவின் பணத்துக்குப் பெயர் புலா. பொருள் மழை. பாதிக்கு மேல் பாலைவனம் கொண்ட நாடு காசுக்கு வேறென்ன பெயர் வைக்கும்?

ஜிம்பாப்வேயில் அருவி வாசலில் பழைய நூறு லட்சம் கோடி டாலர் நோட்டை நினைவுப்பொருளாக விற்கிறார்கள். பதினான்கு பூஜ்யம். பேனாக் கோடு போட்ட என் 50 டாலரைக் கொடுத்துப் பார்த்தேன். அவரும் வாங்கவில்லை.

ஜூன் 17

அருவி எப்படி என்று கேட்கிறார்கள். அகலம் 1,708 மீட்டர், உயரம் 108. ஜூலையில் நன்றாக நனைந்தோம். அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் ஜாம்பியா பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், அங்கே பாறைதான் தெரியும். இதற்கு மேல் எழுத எனக்கு ஆர்வமில்லை. எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

ஜூன் 17, இரவு

பயனுள்ள ஒன்று: இருக்கை. இந்த ஆறு நாடுகளிலும் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஜூலையில் அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். சிப்பட்டாவிலிருந்து லுசாகாவுக்கு மேற்கு நோக்கி 570 கிலோமீட்டர். வலப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு நாள் முழுவதும் முகத்தில் வெயில். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன், மகள் இடப்பக்கம்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் முடிவு செய்துவிட்டாராம். விமானம். செரெங்கெட்டியும் தெற்கு லுவாங்வாவும், பத்து நாள். நல்ல தேர்வு, கணக்கும் அவர் பக்கம்தான் இருக்கிறது. புது டாலர் நோட்டாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உறக்கப்பை தடித்ததாக இருக்கட்டும்.

ஜூன் 20

நேற்று நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் சிப்பட்டா–லுசாகா நாளைப் புரட்டினேன். ஒன்பது மணி நேரம். ஒரு விலங்கும் இல்லை, ஓர் எல்லையும் இல்லை. நான் பாதி வழி தூங்கியிருக்கிறேன், அதையும் குறித்திருக்கிறாள். மேலே ‘இன்று ஒன்றும் இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். அதற்குக் கீழே இரண்டு பக்கம்:

கரி மூட்டை, சாலையோரம், வரிசையாக, வாயில் புல் அடைத்து. தக்காளி, கோபுரம் கோபுரமாக, பலகை மேல். பஞ்சு ஏற்றிய லாரி, உதிர்ந்த பஞ்சு முள்செடியெல்லாம். சைக்கிளில் ஒரு கதவு, பிடித்திருந்தவர் கதவுக்குப் பின்னால், கால் மட்டும் தெரிந்தது. சைக்கிளில் ஆடு, கூடையில் உட்கார்ந்து, முன்னால் பார்த்துக்கொண்டு. நீலச் சீருடையில் பிள்ளைகள், கையசைத்தார்கள், ஓட்டுநர் ஹாரன் அடித்தார், மறுபடி கையசைத்தார்கள். லுவாங்வா பாலம், மெதுவாக. வேர்க்கடலை வாங்கினோம், பச்சையாக இருந்தது, அப்பாவுக்குப் பிடித்தது. இன்னொரு கதவு.